பச்சை வயர்

அத்தியாயம் 14

போன வாரம் பத்மப்ரியாவின் கன்னம் சிவந்திருந்த இடத்தில் நிறுத்தினோம். அடி வாங்கிச் சிவந்ததல்ல, பாராட்டு வாங்கிச் சிவந்தது. அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக நாலு வரி. ஹைதராபாத்தில், மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பத்மா, ஐந்து மாதமாக பேகம்பேட்டில் ஒரு கால் சென்டருக்குப் போய்வருகிறாள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாக்காரர்களின் ஹைஃபை செட்டுகளுக்கு வைத்தியம் சொல்வது அவள் வேலை. அந்தச் செட்டுகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. கண்டதெல்லாம் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் ஒரு படமும், பக்கத்தில் நாற்பது பக்கத்துக்கு வார்த்தைகளும்தான்.

அந்த வார்த்தைகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்தவனைக் கூப்பிட்டு நடுவீதியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். சத்தம் 'வார்ம்' ஆக இருந்தால் நல்லதாம். 'பிரைட்' ஆக இருந்தால் காது வலிக்குமாம். வெளிச்சத்தில் யாருக்குக் காது வலித்தது? 'மட்டி' என்றால் சேறு, பாட்டுக்குள் சேறு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒருவர் தன் ரிக்கார்டு பிளேயரில் 'வாவ்' இருக்கிறது என்று சொல்ல, பத்மா குளிர்ந்துபோய் "தாங்க் யூ சார்" என்றுவிட்டாள். தட்டு ஒரே வேகத்தில் சுற்றாமல் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுகிற கோளாறுக்குத்தான் அந்தப் பெயராம். அந்தத் தாங்க் யூவுக்காக அந்த மாதம் அவளுக்கு ஐந்து மதிப்பெண் போயிற்று.

வேறு வழி? மனப்பாடம்தான். அங்கே சேருகிற எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். புரிகிறதோ இல்லையோ, கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பது நம் பள்ளிக்கூடங்கள் சொல்லிக்கொடுத்த வித்தை, அது சோறு போடுகிற இடம் பேகம்பேட்டில் இருந்தது.

நேற்று, வியாழக்கிழமை, வால்ட்டர் என்ற கிழவர் கூப்பிட்டார். மெல்பர்னுக்கு வெளியே ஏதோ சிற்றூர். அவருடைய பழைய வால்வு செட்டில் ஓயாமல் ஒரு சத்தம். ஏற்கெனவே மூன்று பேரிடம் பேசி அலுத்துப்போயிருந்தார். புத்தகத்தில் உறுமல், சீறல், இரைச்சல், கரகரப்பு என்று நாலு பெட்டி போட்டு நாலு வைத்தியம் எழுதியிருந்தது. எந்தப் பெட்டி என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

பத்மா புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்ம்" என்றாள். ஒரு காலத்தில் அவள் வீட்டு செட்டு உறுமிய அதே உறுமல்.

"அதேதான் பெண்ணே, அதேதான்" என்று கிழவர் குழந்தைபோலச் சிரித்தார்.

அவளும் சிரித்துக்கொண்டே மருந்தைச் சொன்னாள். மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி அவர் ஐந்து நிமிஷம் புகழ்ந்தார். டீம் லீடர் சுபாஸ்ரீ எல்லோரையும் கைதட்ட வைத்து, ஒரு பெரிய சாக்லேட்டைக் கொடுத்தாள். "இனிமே இதுதாங்க மாடல் கால்" என்றும் சொன்னாள்.

அந்தச் சாக்லேட்டில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணிக்குப் புருஷன் முன்னால் நின்றாள் பத்மா.

ஜகதீசனுக்கு நேற்று இரண்டாம் ஷிஃப்ட். லாலாகூடா பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் போடுகிற எலக்ட்ரிக்கல் ஃபிட்டர். அவன் வந்து படுத்தபோது அவள் தூங்கியிருந்தாள், ஆகவே சேதி இப்போதுதான் அவனுக்குப் போகிறது.

"என்னங்க, எனக்கு ஆபீஸ்ல சாக்லேட் குடுத்தாங்க."

"ஹவ்? எதுக்கு?" இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், 'ஆமாவா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'ஹவ்' என்றுதான் வரும்.

"எல்லாம் உங்க புண்ணியம்தான். நம்ம செட்டு உறுமுச்சுல்ல, அதுக்கு நீங்க பண்ணீங்களே, அத அப்படியே ஒரு கிழவருக்குச் சொல்லிட்டேன்."

"நான் என்ன பண்ணேன்?"

"பிளக்குல மூணாவது பின்ன வெட்டி எடுத்தீங்களே, அதான்."

டீ டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்ளோதான். வீட்ல மூணு வருஷமா அப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகாதுன்னேன்."

"பச்சை வயர் சொன்னியா?"

"எந்தப் பச்சை வயர்?"

அவன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஏலத்தில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து உயிர்கொடுத்த பழைய ஆம்ப்ளிஃபயர் அங்கே ஸ்டூலின் மேல் இருந்தது. முழுக்க இரும்புப் பெட்டி. அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, "இங்க வந்து பாரு" என்றான்.

பெட்டியின் முதுகில் ஒரு திருகாணி. அதிலிருந்து ஒரு பச்சை வயர் கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியேறி, துவைக்கிற கல்லைத் தாண்டி, சுவரோரத்தில் மண்ணுக்குள் இறங்கியது. அதன்மேல் வரிசையாக பத்மாவின் மூன்று கைக்குட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

மூன்று வருஷமாக அவள் அதைக் கொடி என்று நினைத்திருந்தாள்.

"சாக்கெட்டோட எர்த் கெட்டுப்போயிருந்துச்சு, அதான் உறுமுச்சு" என்றான் ஜகதீசன். குரல் தாழ்ந்திருந்தது. "அந்த எர்த் பின்ன வெட்டுனேன். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடியே மண்ணுல ராடு அடிச்சு, உப்பும் கரியும் போட்டு, புதுசா எர்த் குடுத்துட்டேன். நீ பாதியத்தான் பாத்திருக்க பத்மா."

"இது இல்லன்னா?"

"உள்ள எங்கயாவது கரண்ட் ஒழுகுச்சுன்னா பொட்டி பூரா ஏறி நிக்கும். தொட்டவங்க மேல எறங்கும்."

அவள் பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

"எப்பவும் ஒழுகாதுல்ல?"

"எப்பவும் ஒழுகாது. தண்ணி கிண்ணி பட்டிருந்தாத்தான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பட்டிருக்கா?" என்றான்.

பட்டிருந்தது. கிழவர் சொல்லியிருந்தார். போன வாரம் மழை, கூரை ஒழுகி செட்டின் மேல் சொட்டியது, துடைத்து வைத்த பிறகுதான் இந்த உறுமல் என்று. பத்மா அதற்கு "ஓகே சார், நோ ப்ராப்ளம் சார்" என்று சொல்லியிருந்தாள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை நினைத்தபோது அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் வீட்டம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க. தினம் நாலு மணிக்கு ஏதோ ரேடியோ ப்ரோகிராம் கேப்பாங்களாம். செட்டோட முகத்தக் கையால தடவித் தடவித்தான் போடுவாங்களாம். சில்வர் மாதிரி வழவழன்னு இருக்கும்னு சொன்னாரு."

ஜகதீசன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

சமையலறை வாசலில் மாமியார் கல்பகம் நின்றிருந்தாள். இந்த வேலை வேண்டாம் என்று முதல் நாளிலிருந்தே சண்டை போடுகிறவள், போன மாதம் இதற்காகவே இரண்டு நாள் மருமகளோடு பேசாமல் இருந்தவள். இப்போது அவளுக்குச் சண்டை வரவில்லை.

"ஏண்டா ஜகதீசா, ஃபோன்ல பேசியே ஒருத்தர சாகடிக்க முடியுமாடா?"

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு."

"பின்ன இன்னும் வெட்டியிருக்க மாட்டாரு" என்று பத்மா அவசரமாகச் சொன்னாள். "பக்கத்து வீட்டுக்காரர் இன்னைக்குத்தான் கட்டர் கொண்டு வர்றாருன்னாரு."

"அவங்க நாலு மணின்னா நமக்கு எத்தனை?"

"பதினொன்ற."

"நம்பர் வச்சிருக்கியா?"

"எங்களுக்கு நம்பர் காட்டாதுங்க. அவங்கதான் எங்களக் கூப்பிட முடியும், நாங்க திருப்பிக் கூப்பிட முடியாது. டீம் லீடர் நெனச்சா எடுக்கலாம்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ஜகதீசன் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் மளமளவென்று நாலு வரி எழுதி அவள் கையில் திணித்தான். "இத அப்படியே சொல்லு. வேற எதுவும் சொல்லாத. நான் பட்டறைக்கு லீவ் சொல்லிட்டு ஸ்கூட்டர்ல வந்துடறேன். கீழயே நிப்பேன்."

"நீங்க வந்து என்ன பண்ண முடியும்?"

"தெரியல. வரேன்."

அவள் வாசலைத் தாண்டியபோது திரும்பிப் பார்த்தாள். கல்பகம் துவைக்கிற கல் பக்கத்தில் நின்று, ஒரு குச்சியால் அந்தக் கைக்குட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கீழே விழ வைத்துக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏறியதும் பக்கத்து சீட்டில் ஷர்மிளா. மல்லாபூர்ப் பெண், இருபத்தோரு வயது. மூன்று வாரப் பயிற்சி முடிந்து, இன்றைக்கு முதல்முதலாக நிஜமான கால் எடுக்கப் போகிற புது பேட்ச். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள்போல உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று இருந்தது பத்மாவுக்கு. "ஷர்மிளா" என்றாள்.

"நக்கோ, வேணாம் அக்கா, இப்ப பேசாதீங்க. மறந்து போச்சுன்னா கதம், அவ்ளோதான்." கண்ணைத் திறக்காமலேயே சொல்லிவிட்டு மறுபடி முணுமுணுத்தாள்.

பத்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தார்நாகா போயிற்று, சிகந்திராபாத் போயிற்று. பேகம்பேட் மேம்பாலத்தில் வேன் ஏறும்போது ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கியது. தினமும் அதை அண்ணாந்து பார்ப்பவள் இன்று மடியில் இருந்த காகிதத்தையே பார்த்தாள். 'செட்டைத் தொடாதே. சுவத்துல இருக்கற சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணு. பிளக்கையும் புடுங்காதே. எலக்ட்ரீசியனைக் கூப்பிடு.' அவன் எழுத்து எப்போதும் நேராக இருக்கும். இன்று கோணியிருந்தது.

மூன்றாவது மாடி. செல்ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காகிதத்தையும் பேனாவையும்கூடச் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வான். கரண்ட் பில்லை மடித்து மடித்துத் தாலிக்கயிற்றோடு சேர்த்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சுபாஸ்ரீ கோயம்புத்தூர்ப் பெண், பத்மாவைவிட இரண்டு வயது சின்னவள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். பத்மாவுக்கு வாய் வராமல் 'சுபா மேடம்' என்று பாதிச் சட்டத்தை மதித்துக்கொண்டிருந்தாள்.

"சுபா மேடம், ஒரு நிமிஷம் பேசணும்."

"லாகின் பண்ணுங்க பத்மா. க்யூல பதினொரு பேர் நிக்கறாங்க, அப்புறம் பேசிக்கலாங்க." முகமெல்லாம் சிரிப்பு. "பத்து மணிக்கு மெல்பர்ன்ல இருந்து பெரியவங்க லைன்ல வர்றாங்க. உங்க கால் ரிக்கார்டிங்கத்தான் போட்டுக் காட்டப் போறோம். தெரியுமில்ல?"

ஏழு மணிக்குக் காதில் குரல்கள் வர ஆரம்பித்தன. ஒருவருக்கு 'பேஸ்', அதாவது அடித்தொண்டைச் சத்தம், அதிகமாம். எழுத்தைப் பார்த்தால் 'பாஸ்', வாயில் சொல்வது 'பேஸ்', அதே எழுத்து மீனுக்குப் பெயராக வந்தால் மறுபடி 'பாஸ்'. ஐந்து மாதம் முன்னால் அவளை அழவைத்த வார்த்தை. இன்று அது ஒரு பொருட்டாகவே இல்லை. வாய் பாட்டுக்குப் பதில் சொன்னது. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும், இது வால்ட்டராக இருக்கக் கூடாதா என்று நெஞ்சு தவித்தது. எதிர்ச் சுவரில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று ஹைதராபாத், ஒன்று சிட்னி. அவள் சிட்னியையே பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு டீ இடைவேளை. சுபாஸ்ரீயைக் காப்பி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். முழுவதையும் சொன்னாள், பச்சை வயரிலிருந்து கண் தெரியாத அம்மா வரைக்கும்.

சுபாஸ்ரீயின் சிரிப்பு முதலில் வாயிலிருந்து போயிற்று, அப்புறம் கண்ணிலிருந்து.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க." சுற்றுமுற்றும் பார்த்தாள். "பத்மா, அந்தக் காலுக்கு நான்தாங்க நூத்துக்கு நூறு போட்டு கையெழுத்துப் போட்டிருக்கேன். மேனேஜர் அத மெல்பர்னுக்கு அனுப்பிட்டாரு. இப்பப் போயி அது தப்புன்னு சொன்னா உங்க வேலை கன்ஃபர்மேஷன் போச்சு. எனக்கு என்ன ஆகும்னே தெரியாது."

"அந்தம்மா தொட்டுட்டாங்கன்னா?"

"பத்து மணி மீட்டிங் முடியட்டுங்க. பத்தேகாலுக்கு நானே நம்பர் எடுத்துத் தர்றேன், சத்தியமா. பதினொன்றைக்குத்தானே?"

பயந்தவளிடம் பயந்தவள் போய்ப் பிச்சை கேட்ட கதையாக இருந்தது. ஆனாலும் பத்மா தலையாட்டினாள். மேலதிகாரி சொன்னால் தலையாட்டுவது நம் கழுத்துக்குப் பழக்கமாகிவிட்டது, நாக்கு வேண்டாம் என்றாலும் கழுத்து கேட்பதில்லை.

பத்தேகால் ஆயிற்று, மீட்டிங் நடந்த கண்ணாடி அறையின் கதவு திறக்கவில்லை. பத்தே முக்கால் ஆயிற்று. உள்ளே மேனேஜர் ராகவேந்திரா எழுந்து நின்று மேஜை மேலிருந்த ஸ்பீக்கர் ஃபோனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சுபாஸ்ரீ சுவரோரம் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தாள், வெளியே பத்மாவைப் பார்த்தாள், கீழே குனிந்துகொண்டாள்.

பதினொன்று ஐந்து. பத்மா பேச்சை முடித்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். கீழே டீ விற்கிற தள்ளுவண்டி, இந்த ஊரில் பண்டி, அதன் ஓரத்தில் ஸ்கூட்டர். அதன்மேல் உட்காராமல், பக்கத்தில் நின்று, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஜகதீசன். மூன்றாவது மாடியில் அவளைக் கண்டதும் கையை உயர்த்தி, 'ஆச்சா' என்று விரலால் கேட்டான்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அப்புறம் தலையைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

வேலையே போனாலும் போகட்டும் என்று பத்மா அந்த நிமிஷத்தில் முடிவு செய்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அவளுக்கு வேலை வேண்டும், மாமியார் முன்னால் தோற்கக் கூடாது, கன்ஃபர்மேஷன் காகிதத்தை ஜகதீசன் கையில் கொடுக்க வேண்டும். எல்லாம் வேண்டும். நடுங்கிக்கொண்டே, எதையும் முடிவு செய்யாமல், கால் பாட்டுக்கு நடந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டது.

அறைக்குள் அவளுடைய குரலே பேசிக்கொண்டிருந்தது. நேற்றைய குரல், சிரிப்போடு, தேன் ஒழுக.

"டோன்ட் வொரி சார். ஜஸ்ட் ரிமூவ் தி தர்ட் பின். மை ஹஸ்பண்ட் ஆல்ஸோ டிட் லைக் தட் ஒன்லி. நத்திங் வில் ஹேப்பன், சார்."

ஒன்றும் ஆகாது என்று அந்தக் குரல் அவ்வளவு உறுதியாகச் சொன்னது. பத்மா அதை யாரோ ஒரு கொலைகாரியின் குரலைப் போலக் கேட்டாள்.

ராகவேந்திரா நிமிர்ந்து முகத்தைச் சுளித்தார். சைகையால் வெளியே போ என்றார்.

"சுபா மேடம்" என்றாள் பத்மா. "நம்பர் குடுங்க."

சுபாஸ்ரீ அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஸ்பீக்கருக்கு ஒன்று, ராகவேந்திராவுக்கு ஒன்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பெண்ணும் நடுங்கிக்கொண்டுதான் வந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். தன் மேஜையில் உட்கார்ந்து இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை கடவுச்சொல் சரியாகப் போய், வால்ட்டரின் பக்கத்தைத் திறந்தாள்.

ஹைதராபாத் கடிகாரத்தில் பதினொன்று இருபத்திரண்டு.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பத்மா ரவிக்கையிலிருந்து கரண்ட் பில்லை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். சுபாஸ்ரீ அவள் பக்கமாகக் குனிந்து, ஹெட்செட்டில் தன் காதையும் ஒட்டவைத்துக்கொண்டாள். பதினோராவது தடவை மணி அடித்தபோது யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ?"

பெண் குரல். வயதான, மெதுவான குரல். அதற்குப் பின்னால் பாட்டு, பியானோ.

பத்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டுக்கு அடியில் காதைக் கொடுத்தாள். உறுமல் இருக்கிறதா? ஐந்து மாதமாக உறுமலைப் போக்கத்தான் சம்பளம் வாங்கினாள். இன்று அந்த உறுமல் இருந்தால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டாள். உறுமினால் பின்னை இன்னும் வெட்டவில்லை.

பாட்டு பளிங்குபோலச் சுத்தமாக இருந்தது.

"மேடம், மிஸ்டர் வால்ட்டர் இருக்காரா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"தோட்டத்தில் இருக்கிறார், கண்ணு. நீ அந்த உறுமல் பெண்ணா? செட்டைச் சரி செய்துவிட்டார், கேட்டாயா, எவ்வளவு நன்றாக இருக்கிறது. என் நிகழ்ச்சி இன்னும் ஆரம்பிக்கவில்லை, அவரே போட்டு வைத்துவிட்டுப் போனார். இரு, நீ பேசுவது சரியாகக் கேட்கவில்லை. போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வருகிறேன்."

ரிசீவரை மரமேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

நாற்பது பக்க வார்த்தைகளும் பத்மாவின் தலையிலிருந்து வடிந்துபோயின. வார்ம் போயிற்று, பிரைட் போயிற்று, வெயிட் போயிற்று, ஸ்டாப் போயிற்று. ஒரு செருப்புக் காலடி மரத்தரையில் நகர்ந்து போவது மட்டும் கேட்டது. ஒன்று. இரண்டு.

"தொடாதீங்க" என்று கத்தினாள். "அம்மா, தொடாதீங்க, தொடாதீங்கம்மா."

மூன்றாவது மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்ணாடி அறையில் ராகவேந்திரா எழுந்து நின்றார்.

காலடி நின்றிருந்தது. பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு காலடி திரும்பி வந்தது, மேஜையிலிருந்து ரிசீவர் எடுக்கப்பட்டது.

"என்ன சொன்னாய்?"

"டோன்ட் டச்" என்றாள் பத்மா. இங்கிலீஷ் திரும்பி வந்துவிட்டது, அழுகையோடு. "செட்டைத் தொடாதீர்கள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது. சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணையுங்கள், பிளக்கைத் தொட வேண்டாம்." காகிதத்தில் இருந்ததை வார்த்தை வார்த்தையாகப் படித்தாள், மேலே ஒன்றும் சேர்க்கவில்லை.

"சுவிட்ச் எனக்குத் தெரியும். கதவுக்குப் பக்கத்தில்."

காலடி. ஒரு சின்ன 'டிக்'. பியானோ நின்றது.

அந்த அமைதியைப்போல ஒரு நல்ல சத்தத்தை பத்மா இதுவரை கேட்டதில்லை.

அந்த அம்மா ஜன்னலைத் திறந்து தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட, வால்ட்டர் மூச்சிரைக்க வந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பிறகு, காலையில் செட்டின் முகத்தைத் துடைத்தபோது விரலில் எறும்பு கடித்தாற்போலச் சுருக்கென்றது, வயதான விரல் என்று விட்டுவிட்டேன் என்றார். கையில் ரப்பர் கையுறை போட்டிருந்தாராம், பாத்திரம் தேய்க்கிறது.

கடைசியில் அந்த அம்மா மறுபடி ரிசீவரை வாங்கினாள். "நீ முதலில் கத்தினாயே, அது உங்கள் பாஷையா? ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. தெருவில் ஓடுகிற குழந்தையை அதன் அம்மா கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நின்றுவிட்டேன்."

பத்மா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். கீழே ஜகதீசன் நிமிர்ந்தான். அவள் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். அவன் எழுந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டீ பண்டிக்காரர் அவன் கையில் ஒரு டீயைக் கொடுப்பது தெரிந்தது.

திரும்பி வந்தபோதும் சுபாஸ்ரீ அதே நாற்காலியில் அப்படியே இருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"முடிஞ்சுது சுபா மேடம். அந்தம்மா நல்லா இருக்காங்க. இனிமே மெல்பர்ன்காரங்க என்ன வேணா பண்ணிக்கட்டும்."

சுபாஸ்ரீ அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலோர வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை ஏழு மணிக்குக் கால் எடுக்க ஆரம்பித்த புது பேட்ச் அங்கே உட்கார்ந்திருந்தது, பதினாறு பேர்.

"நேத்து நீங்க போனதுக்கப்புறம்" என்று ஆரம்பித்தாள். "உங்க கால் ரிக்கார்டிங்க அவங்களுக்குப் போட்டுக் காட்டினேங்க. மூணு தடவ. அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னு சொன்னேன்."

பத்மாவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் வேனில் அசைந்துகொண்டிருந்த உதடுகள் ஞாபகம் வந்தன.

வரிசையில் மூன்றாவது சீட்டில் ஷர்மிளா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்ம்" என்றாள். அப்புறம் நேற்றைய பத்மாவின் சிரிப்பை அதே இடத்தில் சிரித்தாள். கல்யாணப் பேச்சே இன்னும் எடுக்காத அந்த மல்லாபூர்ப் பெண், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

"டோன்ட் வொரி சார். ஜஸ்ட் ரிமூவ் தி தர்ட் பின். மை ஹஸ்பண்ட் ஆல்ஸோ டிட் லைக் தட் ஒன்லி."

அவளுக்கு அடுத்த சீட்டில் கோபி என்ற பையன் அதே இடத்துக்கு வந்து, ஒரு நொடி தடுமாறி, 'மை வைஃப்' என்று மாற்றிக்கொண்டான்.

சிட்னி கடிகாரத்தில் மணி நான்கு ஐந்து. காலை ஏழிலிருந்து இந்த வரிசைக்கு எத்தனை வீட்டிலிருந்து மணி அடித்ததோ, அந்த வீடுகளில் யார் யார் கை எந்தப் பெட்டியின் மேல் இருக்கிறதோ.

பத்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கழற்றிய ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். கரண்ட் பில்லை எடுத்து மேஜையில் கையால் தேய்த்து நேராக்கினாள்.

"எல்லா நம்பரையும் எடுங்க, சுபா" என்றாள்.